சேர் மீட்டிங்கில

பார் வீதியில் மேல்மாடி அறை.
ஒரு மேசை, ஒரு ரெலிபோன்,
எடுத்துப் பார்த்து வெட்டிய நம்பர்கள் நிறைந்த தாள்.
நான் விற்பது தராசு.
ஐம்பது கிலோ மூடைக்குள் இருக்கிற
அரைக் கிலோ பொய்யைப் பிடிக்கிற தராசு.

சம்மாந்துறை ஆலைக்கு முதல்தரம் எடுத்தபோது
ஒரு பெண்குரல்:
"சேர் மீட்டிங்கில."
இரண்டாம்தரம்: "சேர் இப்பதான் வெளிய கிறுகினார்."
மூன்றாம்தரம்: "நீங்க ஆரு கதைக்கிற?"
புவிதரன் என்றேன்.
"புவனேந்திரனா?"
அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

கொழும்புப் பயிற்சியில்
கோட்டுப் போட்ட ஒருவன் சொல்லித் தந்தது:
வாசலில் நிற்பவரோடு மினக்கெடாதே,
குரலைத் தடிப்பாக்கு,
முதலாளியின் கூட்டாளி மாதிரிக் கதை.
நாலாம்தரம் தடிப்பாக்கினேன்.
"ஹாஜியார் இருக்கிறாரா? குடுங்க."
அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம்,
பிறகு மூக்கால் ஒரு சிரிப்பு.
"எங்கட சேர் இன்னம் ஹஜ்ஜுக்குப் போகல்ல, புவனேந்திரன்.
தண்ணி குடிச்சிட்டு எடுங்க."

அதற்குப் பிறகு
அந்தக் கந்தோரைக் காதால் பார்க்கப் பழகினேன்.
சுற்றுக்கு ஒருதரம் முனகும் விசிறி.
பின்னால் ஆலை இரைச்சல்.
"கேற்றடியில லொறி" என்று யாரோ கத்த,
ரிசீவரைப் பொத்தாமலே அவள்:
"சம்பாவா, நாடா? ஈரம் பார்த்தாச்சா?"
போன் எடுக்கிறவளுக்கு
ஈரம் என்னத்துக்கு?
அப்போதே யோசித்திருக்க வேணும்.

ஒன்பதாம்தரம் இருமினேன்.
பத்தாம்தரம் ஏசிவிட்டு வைத்தேன்,
இரண்டு நிமிடத்தில் திரும்ப எடுத்து மன்னிப்புக் கேட்டேன்.
பதினோராம்தரம்: "சேர் மீட்டிங்கில."
பஸ் ஏறினேன்.

கல்லடிப் பாலம். காத்தான்குடி நெரிசல்.
களுவாஞ்சிக்குடியில் பாதிப் பஸ் இறங்க, முழுப் பஸ் ஏற,
கல்முனை தாண்டி
காரைதீவுச் சந்தியில் கிறுகினால்
இரண்டு பக்கமும் வயல்.
மடியில் மாதிரித் தராசு,
காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி அசையாமல்.

அவள் பெயர் ஜெஸீமா.
குரலைவிட வயது கூட.
மேசையில் தடித்த சி.ஆர். கொப்பி,
அதில் பதினொரு தரம் நான்,
பிழையான பெயரில், வடிவான எழுத்தில்:
புவனேந்திரன், தராசு.
புவனேந்திரன், தராசு, இருமல்.
புவனேந்திரன், கோவம். பிறகு சொறி சொன்னார்.

சேருடைய கதவு திறந்தே கிடந்தது.
கதிரையில் வெறும் சாக்குக் கட்டு.
சுவர்க் கலண்டரில் போன வருஷத்து ஓகஸ்ட்.

"கட்டாருக்குப் போய்ப் பதினாலு மாசம்.
நான் கணக்கெழுத வந்தவள்.
ஆளில்ல எண்டு தெரிஞ்சா
கடன்காரன் முன்னுக்கு வருவான்,
நெல்லுக்காரன் பின்னால வெலைய ஏத்துவான்."
விசிறி ஒருதரம் முனகியது.
"அதான் மீட்டிங்."

தராசைக் கழற்றி வைத்தேன்.
அவள் கைகாட்டிய மூடையைப் பொடியன் ஒருவன் ஏற்றினான்.
நாற்பத்தொன்பது புள்ளி நாலு.
"நேத்து இத ஐம்பது எண்டுதான் எடுத்த," என்றாள்,
எனக்கில்லை, மூடைக்கு.

விலை கேட்டாள். சொன்னேன்.
"சேரிட்டக் கேக்கணும்."
திறந்த கதவுப் பக்கம் திரும்பிச்
சாக்குக் கட்டை நிறைய நேரம் பார்த்தாள்.
பிறகு என்னிடம்:
"கூடவாம்."

ஐயாயிரம் குறைத்தேன்.
திரும்பப் பார்த்தாள்.
"இன்னம் யோசிக்கிறார்."
வாழ்க்கையில் இப்படி ஒரு முதலாளியிடம்
நான் தோற்றதில்லை.

பில் எழுதும்போது ரெலிபோன் அடித்தது.
மறுமுனையில் யாரோ ஒரு பொடியன்,
குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு.
"சேர் மீட்டிங்கில," என்றாள்,
கொப்பியை இழுத்துப் பெயர் கேட்டாள்.
எனக்கு இருமல் வந்தது.
அடக்கிக்கொண்டேன்.